அதிகாலை மூன்றரை மணி வாத்தியார்!

கொரியாக்காரர்களுக்கு 'ஃப' வராது. அதற்காகச் சிரிக்க வேண்டாம், நமக்கு மட்டும் பிறக்கும்போதே வந்துவிட்டதாக்கும்! நாம் 'காப்பி' என்கிறோம், அவர்கள் 'கோப்பி' என்கிறார்கள். கோல்ஃப் அவர்கள் வாயில் 'கோல்ப்பு'. பஸ் 'பொஸு'. டென்ட் 'டென்டு'. இங்கிலீஷ் வார்த்தை மொட்டையாக முடிந்தால் பல சமயம் அவர்களுக்கு மனசு கேட்பதில்லை. பின்னால் ஒரு 'உ' ஒட்டி அனுப்பி வைப்பார்கள். 'கேட்டு', 'லைட்டு', 'பேங்க்கு' என்று தினமும் பேசுகிற நமக்கு இந்த வியாதி புதுசா என்ன?

இந்த ஒற்றுமையில்தான் பதினைந்து வருஷமாக என் வீட்டு அடுப்பு எரிகிறது. கொரியாக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது என் தொழில். முதல் பத்து வருஷம் சென்னையில், நேருக்கு நேர். 2020-ல் கொரோனா வந்து கடையைக் கட்டச் சொன்னதும் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக.

சொந்த ஊர் தேவர்சோலை. நீலகிரி மாவட்டம் என்றதும் "ஓ, ஊட்டியா! ஸ்வெட்டர் வேணுமே" என்பார்கள். ஊட்டியைவிட நாங்கள் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்வு. கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகிற வழியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். 1877 வரை இந்தப் பக்கமெல்லாம் மலபார் ஜில்லாவோடு இருந்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. கடைத்தெருவில் டீ குடிக்க நின்றால் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் காதில் விழும், பணியர்களின் பேச்சும் சேர்ந்துகொள்ளும். எதிராளி பேசுவதைப் பாதி புரிந்துகொண்டு, மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எங்களுக்குச் சின்ன வயசுப் பழக்கம். பி.எட். பட்டத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

முதல் பெல் மூன்றரை மணிக்கு

கொரியாவின் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஸியோலில் ஒரு ஆபீஸர் காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி இங்கிலீஷ் பேச ஆசைப்பட்டால், தேவர்சோலையில் வாத்தியார் ராத்திரி மூன்றரைக்குத் தலை சீவி உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. காமிரா இடுப்புக்குக் கீழே பார்க்காது என்பது விஞ்ஞானத்தின் பெரிய கருணை.

மூன்றரைக்கு ஒருவர், நாலுக்கு ஒருவர், நாலரைக்கு ஒருவர். கடைசி ஆள் மெட்ரோ ரயிலில் நின்றபடி, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு பாடம் கேட்பார். ஐந்தேகாலுக்குள் முடித்தாக வேண்டும், அங்கே ஒன்பது மணி ஆபீஸ். அவர்கள் நாட்டு தேசிய மந்திரம் 'பல்லி பல்லி'. வீட்டுச் சுவரில் இருக்கிற பல்லி இல்லை, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அர்த்தம். ஒரு நிமிஷம் லேட்டானாலும் மெஸேஜ் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் லேட்டாவதற்குக் காரணங்கள் பலமானவை. மழைக்காலத்தில் கரண்ட். பலாப்பழ சீஸனில் யானை. பக்கத்துத் தோட்டத்துக்கு யானை வந்துவிட்டால் தெருநாய்கள் மொத்தமும் கூடிக் கச்சேரி வைக்கும். ஸியோலில் இருப்பவர் காதில் அது ஸ்டீரியோவில் விழும். முதல் தடவை விஷயத்தைச் சொன்னபோது நம்பவில்லை. இப்போது பாடம் ஆரம்பிப்பதே, "டீச்சர், எலிபென்ட் ஓகே?" என்றுதான்.

சாயங்காலம் இரண்டாவது ஷிஃப்ட், பள்ளிப் பிள்ளைகள். அங்கே டியூஷன் சென்டருக்கு 'ஹாக்வோன்' என்று பேர். ஸியோலில் அவை ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட வேண்டியிருந்தது என்றால் படிப்பு வெறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் நவம்பரில் காலேஜ் நுழைவுத் தேர்வு. 'சுனுங்' என்பார்கள். அன்றைக்கு இங்கிலீஷ் 'காதால் கேட்டு எழுதும்' பகுதி நடக்கிற அரை மணி சொச்சம் நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒரு பாஷைக்காக ஆகாயத்தையே நிறுத்தி வைக்கிறார்கள் சார்! அந்தப் பிள்ளைகள் பத்து மணிக்கு வீடு திரும்பிப் பத்தரைக்கு என் முன்னால் உட்காரும்போது கண் சொருகும். முதல் ஐந்து நிமிஷம் பாடமே எடுக்க மாட்டேன். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்பேன்.

வயசு என்ன சார்?

தமிழ்நாட்டுக்குக் கொரியாக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்கியது 1996-ல். அந்த வருஷம்தான் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை ஆரம்பித்தது. 1998-ல் சான்ட்ரோ ரோட்டுக்கு வந்தது. பின்னாலேயே உதிரிபாகம் செய்கிற கம்பெனிகள் வரிசை கட்டின. 2004-ல் லோட்டே நம்ம பாரி மிட்டாய் கம்பெனியை வாங்கியது. 2007-ல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூர் வந்தது. 2006-ல் சென்னையில் இன்கோ சென்டர் என்று இரண்டு நாட்டுக் கலைகளுக்கும் ஒரு நிலையமே பிறந்தது. இத்தனை பேருக்கும் இங்கிலீஷ் தேவைப்பட்டது. நான் பிழைத்தேன்.

முதல் நாள் வகுப்பில் "குட் மார்னிங்" சொல்லி முடிப்பதற்குள் கேள்வி வந்தது. "டீச்சர், ஹவ் ஓல்டு?" வெள்ளைக்காரனிடம் கேட்டால் சண்டைக்கு வருவான். அவர்களுக்கோ அது தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. பெரியவரா, சின்னவரா என்று தெரிந்தால்தான் வினைச்சொல்லுக்கு எந்த வால் ஒட்டுவது என்று முடிவாகும். 'வா'வா, 'வாங்க'வா என்கிற அதே சங்கடம். இதில் அவர்கள் வயசுக் கணக்கே தனி. பிறந்தவுடன் ஒன்று, புத்தாண்டு வந்தால் இன்னொன்று. டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயசு! 2023 ஜூனில் சட்டம் போட்டு உலகக் கணக்குக்கு மாறினார்கள். அன்றைக்கு என் மாணவர்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் இளைஞர்களாகி, அதையே ஒரு வாரம் இங்கிலீஷில் பேசினார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் கிடையாது. கூப்பிட்டாலும் பிரயோஜனம் இல்லை. அந்த நாட்டில் ஐந்தில் ஒருவர் கிம். "மிஸ்டர் கிம்" என்றால் வகுப்பில் பாதி திரும்பும். அதனால் பதவிதான் பேர். குவாஜாங் என்றால் மேனேஜர், புஜாங் என்றால் டிபார்ட்மென்ட் தலைவர். பின்னால் மரியாதைக்கு ஒரு 'நிம்', நம்ம ஊர் 'ங்க' மாதிரி. வாத்தியாருக்கு 'சோன்செங்நிம்'. அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் 'முன்னால் பிறந்தவர்'. என்னைவிட இருபது வருஷம் முன்னால் பிறந்த புஜாங்நிம் தினமும் தலை குனிந்து என்னை அப்படிக் கூப்பிடுவார். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பழகிவிட்டால், வீட்டில் கிடைக்காத மரியாதைதானே!

அப்பா, புல், நாள்

என் மாணவரின் குழந்தை "அப்பா!" என்று ஓடி வந்தபோது பக்கத்து ஃப்ளாட் பாட்டி, "நம்ம பாஷை கத்துக்கிச்சா?" என்று பூரித்துப் போனார். இல்லை பாட்டி, கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். அம்மா 'ஓம்மா'. நான் என்பது 'நா'. நாள் என்பது 'நல்'. புல்லுக்கு 'புல்'. இங்கே வா என்பது 'இரி வா'. வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பேருக்குப் பின்னால் ஒட்டும். அப்படியே நம்ம இலக்கணம்.

ஹோமர் ஹல்பர்ட் என்கிற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுத் தனிப் புத்தகம் போட்டுவிட்டார். ஆனால் 'ரெண்டும் அண்ணன் தம்பி' என்று மார்தட்ட வேண்டாம். இன்றைய மொழியியல் அறிஞர்கள் இதை ஏற்பதில்லை, தற்செயல் ஒற்றுமை என்றே சொல்கிறார்கள். உறவு இல்லாவிட்டாலும் உபயோகம் இருக்கிறது. 'ஐ கோயில் கோ' என்கிற வரிசையில் யோசிக்கிறவரை 'ஐ கோ டு டெம்பிள்' என்று திருப்புவது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் வந்த வழியும் அதுதானே?

அவர்களுக்கென்று தனி இங்கிலீஷும் உண்டு. பரீட்சையில் பிட் அடிப்பதற்குக் 'கன்னிங்'. கடையில் வாங்காமல் வேடிக்கை பார்ப்பதற்கு 'ஐ ஷாப்பிங்'. ஹோட்டலில் 'சர்வீஸ்' என்றால் இலவசம். நான் சிரித்தபோது புஜாங்நிம் நிதானமாகக் கேட்டார்: "டீச்சர், 'கஸின் பிரதர்' எந்த ஊர் இங்கிலீஷ்?" வாயை மூடிக்கொண்டேன்.

யெஸ்ஸா, நோவா?

இது சிரிக்கிற விஷயமில்லை. "சாப்பிடலையா?" என்று கேட்டால் நாம், "ஆமா, சாப்பிடலை" என்போம். கொரியாக்காரரும் அப்படித்தான். இங்கிலீஷ்காரன் மட்டும் "நோ" என்பான். தவிர, கொரியர்கள் பேச்சுக்கு நடுவே 'நே, நே' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அகராதியில் அதற்கு 'ஆம்' என்று இருக்கும். ஆனால் 'சம்மதம்' என்று நினைத்து ஏமாறாதீர்கள். பல சமயம் 'காதில் விழுகிறது' என்பது மட்டும்தான். நம்ம பையன்களோ புரியாவிட்டாலும் "ஓகே சார்" என்பார்கள், தலையை வேறு பக்கவாட்டில் ஆட்டுவார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. பிரஸ் மெஷினில் ஏதோ சிக்கிக்கொண்டது. ஐ.டி.ஐ. முடித்த பையன் கையை உள்ளே விட்டு எடுக்கப் போகிறான். தூரத்திலிருந்து குவாஜாங்நிம் கத்துகிறார்: "மெஷின் நாட் ஸ்டாப்?" பையன், "யெஸ் சார்!" என்கிறான். அவன் மனசில், 'ஆமா சார், நிறுத்தலை'. கொரியரும் அப்படியே சரியாகப் புரிந்துகொண்டு ஓடி வருகிறார். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் கான்வென்ட் படிப்பு. இங்கிலீஷ் முறைப்படி, 'யெஸ் என்றால் நிறுத்தியாச்சு' என்று நினைத்து ஸ்விட்ச் பக்கம் போகாமல் நிற்கிறார். குவாஜாங்நிம் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். கை தப்பியது. பையனுக்குப் பத்தொன்பது வயசு.

அன்று சாயங்காலம் குவாஜாங்நிம் வகுப்புக்கு வந்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பாடப் புத்தகத்தை மூடிவைத்தோம். 'இல்லை' வைத்துக் கேள்வி கேட்கவே கூடாது என்று ஒரு விதி செய்தோம். 'மெஷின் ஆன்? ஆஃப்?' அவ்வளவுதான். பதில் சொல்பவன் 'யெஸ்' என்று சொல்லக் கூடாது, 'ஆஃப்' என்று முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பொத்தானைத் தொட்டுக் காட்ட வேண்டும். தமிழிலும் கொரிய மொழியிலும் எழுதி மெஷின்மேல் ஒட்டினார்கள். நான் எடுத்த வகுப்புகளிலேயே எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அதுதான்.

ஏழு நாட்டு இங்கிலீஷ்

இத்தனை செய்தும் நான் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' இல்லை. கொரியாவுக்குப் போய் இங்கிலீஷ் பேச்சு சொல்லிக் கொடுக்க ஈ-2 என்று ஒரு விசா உண்டு. அது ஏழு நாட்டுக்காரர்களுக்கு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த இந்திய - கொரிய வர்த்தக ஒப்பந்தம் நமக்கும் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. இங்கிலீஷில் பட்டமும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இருந்தால் இந்தியர்கள் துணை ஆசிரியராகலாம். ஜன்னல்தான், வாசல் இல்லை.

ஆன்லைனில் வந்த புதிதில் ஒரு ஏஜென்ஸி வழியாக டெமோ வகுப்பு எடுத்தேன். பையன் சந்தோஷமாகப் பேசினான். அவனுடைய அம்மா கேட்டது அப்புறம் தெரிந்தது: "வெள்ளைக்கார டீச்சர் இல்லையா?" ஏஜென்ஸி எனக்கு நிர்ணயித்த சம்பளமும் அமெரிக்கருக்குத் தருவதில் பாதிக்குக் கீழே. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று, அதுதான் கொடுமை.

பிரஜ் கச்ரு என்று நம் காஷ்மீர்க்காரர் ஒருவர், அமெரிக்காவில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர், 1985-ல் இங்கிலீஷை மூன்று வட்டமாகப் பிரித்துக் காட்டினார். தாய்மொழியாகப் பேசுகிற நாடுகள் உள்வட்டம். இந்தியா மாதிரி ஆபீஸிலும் கோர்ட்டிலும் காலேஜிலும் புழங்குகிற நாடுகள் வெளிவட்டம். கொரியா, ஜப்பான் மாதிரி புதிதாகக் கற்கிற நாடுகள் விரியும் வட்டம். கடைசி இரண்டு வட்டத்தில்தான் ஆட்கள் ஏராளம். சென்னையை முடித்து இந்தோனேஷியா போன புஜாங்நிம் இதையெல்லாம் படிக்காமலேயே புரிந்துகொண்டிருந்தார். "அமெரிக்கர் பேசினால் எனக்குப் பாதி புரிகிறது. நான் வேலை செய்கிற இடத்தில் அமெரிக்கரே இல்லை" என்று எழுதினார். தன் ஆபீஸில் ஆறு பேரை எனக்குச் சேர்த்துவிட்டார், ஏஜென்ஸி இல்லாமல். சம்பளம் நான் சொன்னதுதான். இன்றைக்கும் என் வண்டி அந்த மாதிரிப் பரிந்துரையில்தான் ஓடுகிறது.

சனி, ஞாயிறு

சென்னையில் சனிக்கிழமை என்றால் யாராவது ஒரு மாணவர் வீட்டில் சாப்பாடு. கிம்ச்சி ஜாடியைத் திறந்தால் நம்ம ஊறுகாய் ஜாடியின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி வாசனை. சுஸோக் பண்டிகை அவர்களுக்கு எட்டாம் மாதப் பௌர்ணமியில். அன்றைக்கு 'சோங்பியோன்' என்று அரிசி மாவில் எள் பூரணம் வைத்துப் பாதி நிலா வடிவில் அவிக்கிறார்கள். பிள்ளையார் பார்த்தால் வாகனத்தைத் திருப்பிவிடுவார். பெரியவர் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பெரியவர் முன்னால் குடிக்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும். சாப்பிட்டதும் 'நோரேபாங்', அதாவது பாட்டு ரூம். மைக்கை வாத்தியாருக்கும் கொடுத்துவிடுவார்கள். தப்பிக்க முடியாது.

ஞாயிறு பலருக்கு சர்ச், சிலருக்கு 'கோல்ப்பு', மற்றவர்களுக்கு மலை. கொரியாவில் பெரும்பகுதி மலைதான். ஊருக்குப் பக்கத்துக் குன்றுக்குக்கூட எவரெஸ்ட் ஏறுகிற உடுப்போடு போவார்கள். சென்னையில் ஏற என்ன இருக்கிறது? பரங்கிமலை! பாவமாக இருந்ததால் மூன்று பேரை ஒரு டிசம்பரில் தேவர்சோலைக்கு அழைத்தேன்.

பெங்களூர், மைசூர் வழியாகக் 'பல்லி பல்லி' என்று பறந்து வந்தவர்கள் பந்திப்பூர் கேட்டை அடைந்தபோது மணி ஒன்பதேகால். 2009 முதல் அந்தக் காட்டு ரோடு ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடல், விலங்குகள் நடமாடுவதற்காக. புஜாங்நிம் போனில் கேட்டார்: "ஒன்பது மணி நேரம்? மானுக்காகவா?" ஆமாம் சார், மானும் புலியும் யானையும் உங்களுக்கு முன்னால் பிறந்தவர்கள், சோன்செங்நிம்கள் என்றேன். சிரித்துவிட்டுக் குண்டல்பேட்டையில் போய்ப் படுத்தார்கள்.

காலையில் முதுமலை வழியாக வந்து சேர்ந்தார்கள். பூட்ஸ், தொப்பி, கைத்தடி எல்லாம் தயார். காட்டுக்குள் இஷ்டத்துக்கு ஏற முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும் என்றதும் முகம் விழுந்தது. தேயிலைச் சரிவில் நடக்க வைத்தேன். கொரியாவிலும் போசோங் என்கிற ஊரில் தேயிலை உண்டு. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில், 1939-ல் போட்ட தோட்டம். இங்கே வெள்ளைக்காரன், அங்கே ஜப்பான்காரன், செடி ஒன்றே. அவர்கள் பச்சை இலையாகவே வாட்டிக் குடிப்பார்கள். நாம் அரைத்து, புளிக்க வைத்து, பாலும் சர்க்கரையும் கொட்டி...

வீட்டில் அம்மா டீ கொடுத்தார். புஜாங்நிம் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா கொழுந்து பறித்து ரிட்டயர் ஆனவர். விரல் நுனியில் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். 1960-களில் கொரியா பரம ஏழை. 1963-லிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் மேற்கு ஜெர்மனிக்கு நிலக்கரி வெட்டப் போனார்கள், பெண்கள் நர்ஸாகப் போனார்கள். சித்தப்பா அனுப்பிய பணத்தில்தான் இவர் படித்தாராம். "அவர் நகத்தில் கரி கடைசி வரை போகவில்லை" என்றார். பிறகு என்னிடம், "டீச்சர், அம்மாவிடம் கேளுங்கள். இந்த இலையில்தான் நீங்கள் படித்தீர்களா?"

கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "இலையிலயும் படிச்சான், என்கிட்ட வாங்கின அடியிலயும் படிச்சான்."

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். ஆனால் அம்மா கையை ஓங்கிக் காட்டிவிட்டதால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் ஊர் ஓம்மாக்களும் அதே கட்சியாம்.

நீங்களும் வரலாம்

ஆபீஸில் உட்கார்ந்து 'நமக்கும் இங்கிலீஷ் தெரியுமே' என்று யோசிக்கிற தம்பிகளுக்கு நாலு வார்த்தை. அமெரிக்கன் மாதிரி மூக்கால் பேசிப் பழகாதீர்கள். தெளிவாக, நிதானமாகப் பேசினால் போதும். முதலில் கொரிய எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். 15-ஆம் நூற்றாண்டில் சேஜோங் ராஜா ஜனங்களுக்காகவே செய்து கொடுத்த எழுத்து அது. அடிப்படை எழுத்து 24-தான். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாவது நமக்குப் புதிதில்லை. அவர்கள் உயிரெழுத்தைத் 'தாய் ஒலி' என்றும் மெய்யெழுத்தைப் 'பிள்ளை ஒலி' என்றும் சொல்வார்கள். மாணவர் எங்கே தடுக்குகிறார் என்பது அவர் எழுத்தைத் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். ஏஜென்ஸி தருகிற ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுமுன் முழுசாகப் படியுங்கள். பி.எட். இருந்தால் பத்திரமாக வையுங்கள், ஈ-2 ஜன்னலுக்கு உதவும்.

கல்யாணமாகாதவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ராத்திரி மூன்றரைக்கு எழுந்து, சட்டையும் லுங்கியுமாக, சுவரைப் பார்த்து, "ஹவ் ஆர் யூ டுடே?" என்று சிரிக்கிற மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மாமனார் முதல் தடவை வந்து தங்கியபோது, மந்திரவாதியைக் கூப்பிடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.